யார் செய்த மேளம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள சிப்காட் பகுதியில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளில் ஜப்பான் பொருள்கள் கண்ணில் படத் தொடங்கிக் கொஞ்ச காலமாகிறது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. கோமாட்சு இருக்கிறது, வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது, இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்னதும் பெரியதுமான ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன. டிரெயினிங் என்று போய்ச் சில மாதம் தங்கித் திரும்புகிறவர்கள் பெட்டியில் ஏதாவது கொண்டுவருகிறார்கள். காகித விசிறி, காற்றில் கிணுகிணுக்கும் கண்ணாடி மணி, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி மேளம், மூங்கில் ஓலையில் பின்னி அடியில் தோல் தைத்த செருப்பு, தள்ளிவிட்டால் எழுந்து உட்காருகிற சிவப்புப் பொம்மை. வெளியூர் போனவர் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பக் கூடாது என்பது ஜப்பானிய வழக்கம். அப்படி வாங்கி வருவதற்கு ஓமியாகே என்று பெயர். அந்த வழக்கத்தை நம்ம பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். நல்ல வழக்கம்தான்.

கடையில் பொருள் வாங்குவதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஒரு பொருளை அழகென்று காசு கொடுத்து வாங்குகிறவர் அதைச் செய்த கைக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? காசோடு கடன் தீர்ந்துவிடுமா? ‘இதை யார் செய்தது?’ என்று கேட்பது அந்தக் கடனில் சேருமா, அல்லது அப்படிக் கேட்பதே தவறா? சாதியில்லாத சமூகத்தில் இது லேசான கேள்வி. நம்முடையது அப்படிப்பட்ட சமூகம் இல்லை. ஜப்பானும் அப்படி இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி.

முதலில் அந்தச் சிவப்புப் பொம்மையைப் பார்ப்போம். அதற்குத் தாருமா என்று பெயர். போதிதர்மரின் உருவம். ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்துத் தியானத்தில் உட்கார்ந்து கை கால் போய்விட்டது என்பது கதை, அதனால் பொம்மைக்குக் கையும் காலும் கிடையாது. போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், பல்லவ இளவரசர் என்று ஒரு மரபு சொல்கிறது. 2011-இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு இது ஊர் ஊராகப் பரவிவிட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஜப்பான் போகிற பையன் இந்தப் பொம்மையைப் பார்த்ததும் “இது நம்ம ஊர் ஆளுங்க” என்கிறான். அவனுக்குப் பெருமையாக இருக்கிறது. ராஜா வீட்டுப் பிள்ளை வழியாக வருகிற உறவு யாருக்குத்தான் கசக்கும்?

நம் பக்கத்திலிருந்து ஜப்பானுக்குப் போனது போதிதர்மர் ஒருவர் மட்டும் இல்லை. ‘சண்டாளன்’ என்ற சொல்லும் போனது. பௌத்த நூல்களோடு சேர்ந்து சீனம் வழியாகப் போய் அங்கே ‘செந்தாரா’ ஆனது. இங்கே திட்டுவதற்கு வாயில் சாதாரணமாக வருகிற ‘சண்டாளப் பாவி’யின் அதே சண்டாளன்தான். அங்கே இறந்தவர்களுக்குப் புத்த கோயில் புதுப்பெயர் சூட்டும், அது கல்லறையில் பொறிக்கப்படும். ஒடுக்கப்பட்ட மக்களின் கல்லறைகளில் ‘தோல்’, ‘மிருகம்’, ‘அடிமை’ போன்ற எழுத்துகளைப் பல பௌத்தப் பிரிவுகளின் பிக்குகள் சேர்த்து வைத்தார்கள். செத்த பிறகும் சாதி. போதிதர்மரை முதல் ஆசானாகச் சொல்கிற ஜென் பௌத்தத்தின் சோட்டோ பிரிவும் இதில் அடக்கம். 1979-இல் அமெரிக்காவில் நடந்த உலக மதங்களின் மாநாட்டில் அந்தப் பிரிவின் தலைவர் ஒருவர் ஜப்பானில் அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்று பேசினார். எதிர்ப்பு கிளம்பியது, பிறகு பேச்சைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பௌத்தம் போன இடமெல்லாம் சாதி அழிந்துவிட்டது என்று நம்மில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பாபாசாகேப் அம்பேத்கர் 1956-இல் பௌத்தத்தை ஏற்றபோது இருந்ததை இருந்தபடி எடுத்துக்கொள்ளாமல் 22 உறுதிமொழிகளையும் சேர்த்து வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இனி மேளத்துக்கு வருவோம். ஜப்பானிய மேளத்துக்குத் தைக்கோ என்று பெயர். கோயிலில் அடிப்பார்கள், திருவிழாவில் அடிப்பார்கள், இப்போது உலகத்தின் பெரிய அரங்குகளில் எல்லாம் அடிக்கிறார்கள். மரத்தைக் குடைந்து மாட்டுத்தோலை இழுத்து ஆணி அறைந்து செய்வது. தோலை உரித்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, பதப்படுத்தி, இழுத்துக் கட்டியவர்கள் யார்? எடோ காலத்தில் ‘எத்தா’ என்று அழைக்கப்பட்ட மக்கள். ‘அழுக்கு மிகுந்தவர்’ என்று பொருள்படும் எழுத்துகளால் அந்தப் பெயரை எழுதினார்கள். சாவைத் தொட்டால் தீட்டு என்று ஷிண்டோ மதம் சொன்னது, உயிர்க்கொலை பாவம் என்று பௌத்தம் சொன்னது. இரண்டும் சேர்ந்து, செத்த மாட்டை எடுக்கிறவர் தலையில் இறங்கின. எந்தக் கிராமத்தில் மாடு செத்தாலும் அதை எடுக்கிற பொறுப்பு அந்தந்த எல்லைக்கு உரிய எத்தா குடும்பங்களுடையது. தோல் அவர்களுக்கு. தீட்டும் அவர்களுக்கு. படிக்கிற நமக்கு இதில் விளக்கம் தேவைப்படுகிறதா?

அந்தத் தோலில் செய்த மேளம் கோயிலுக்குள்ளே போனது. செய்தவரைப் பல ஊர்களில் அந்தக் கோயில் திருவிழாவில் சேர்க்கவில்லை. ஷாமிஸென் என்ற நரம்புக் கருவிக்குப் பூனைத்தோலும் நாய்த்தோலும் பதப்படுத்திக் கொடுத்தவர்களும் அவர்களே. ஸெத்தா என்கிற அந்தத் தோலடிச் செருப்பைத் தைத்தவர்களும், அறுந்தால் தெருத்தெருவாகப் போய்த் தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. மேற்கு ஜப்பான் முழுவதிலிருந்தும் தோல் வந்து குவிந்தது ஒசாகா பக்கத்து வதனாபே கிராமத்தில். கிழக்கே டோக்கியோவில், அன்றைய எடோவில், அந்த மக்களுக்குத் தலைவராக ஆட்சி நியமித்த டான்ஸாயெமோன் என்பவரின் குடியிருப்பு அசகுசா பக்கம் இருந்தது. இன்றைக்கு டோக்கியோ போகிற எல்லாரும் நினைவுப்பொருள் வாங்கப் போகிற இடம் அதே அசகுசாதான். கோயிலுக்கு நேராகப் போகிற நாகாமிஸே கடைவீதியில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் டான்ஸாயெமோன் குடியிருப்பு இருந்தது. அந்த வட்டாரம் இன்றும் தோலுக்கும் செருப்புக்கும் பேர் போனது. பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்புகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

1871-இல் மெய்ஜி அரசு ஒரு ஆணை போட்டு ‘எத்தா’ என்ற பெயரை ஒழித்தது. சட்டத்தில் எல்லாரும் சமம். அதற்கு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? 1873-இல் மிமாசகா பகுதியில் கும்பல் கூடி இந்த மக்களின் வீடுகளைக் கொளுத்தியது, ஆட்களைக் கொன்றது. நம் கீழவெண்மணிக்கு 95 வருஷம் முந்திய நெருப்பு அது. அந்த ஆணையோடு இன்னொன்றும் நடந்தது. செத்த மாட்டின் மேல் அவர்களுக்கு இருந்த தொழில் உரிமையும் போயிற்று. தோலில் லாபம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் போடுகிறவர்கள் உள்ளே வந்தார்கள். தீட்டு மட்டும் பழைய ஆட்களிடமே தங்கிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்குகிறவர் யார், ஏற்றுமதி செய்கிறவர் யார் என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் புதிதாக இருக்காது.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புராக்கு மக்கள் என்று இப்போது அழைக்கப்படுகிற இவர்களுடைய குடியிருப்புகளை 1993-இல் அரசு கணக்கெடுத்தபோது 4,442 பகுதிகள் இருந்தன, அவற்றில் சுமார் 8.9 லட்சம் புராக்கு மக்கள் இருந்தார்கள். கணக்கில் வராதவர்கள் இதைவிட அதிகம் என்கிறார்கள் அவர்களின் இயக்கத்தார். நிறத்தில், மொழியில், முகத்தில் மற்ற ஜப்பானியரிடமிருந்து ஒரு வித்தியாசமும் கிடையாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஊர்ப் பெயரை வைத்து. பரம்பரைப் பதிவேட்டை வைத்து. தொழிலை வைத்து.

இங்கேதான் நம்முடைய கேள்வி கடினமாகிறது. 1974-இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினைத் தொழில்களுக்காக ஒரு சட்டம் போட்டது. ஏறக்குறைய நூறு வருஷப் பழமை வேண்டும், முக்கிய வேலை கையால் நடக்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தில் கணிசமான பேர் அதைச் செய்துவர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. தகுதி பெற்ற பொருளுக்கு அரசு முத்திரை உண்டு. இன்று அந்தப் பட்டியலில் 240-க்கு மேற்பட்ட கைவினைகள் இருக்கின்றன. ஊர்ப் பெயரும் தொழில் பெயரும் சேர்ந்தால் அது கௌரவம். அடுத்த வருஷம், 1975-இல், இன்னொரு பட்டியல் வெளியே வந்தது. புராக்கு ஊர்களின் பெயர், இருக்கும் இடம், எத்தனை வீடு, முக்கியத் தொழில் என்ன என்று திரட்டி அச்சடித்து, துப்பறியும் ஆட்கள் கம்பெனிகளுக்கு ரகசியமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். 200-க்கு மேற்பட்ட கம்பெனிகளும் நிறுவனங்களும் வாங்கியிருந்தன. வேலைக்கு மனுப் போட்டவர் இந்த ஊர்களில் எதிலாவது பிறந்தவரா என்று பார்த்து ஒதுக்குவதற்கு. பெண் கொடுக்கிறவர்களும் இதைப் போல விசாரிக்க ஆள் வைத்தார்கள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஊரும் தொழிலும் சேர்ந்து பொருளுக்கு விலை ஏறுகிறது. மற்றொன்றில் அதே ஊரும் தொழிலும் சேர்ந்து மனிதருக்கு விலை இறங்குகிறது. கேட்கப்படுவது ஒரே கேள்வி. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது?

இந்தக் கேள்வி நம் சிப்காட் பக்கம் எப்படிக் கேட்கப்படுகிறது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரகடம் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போகிற பையனிடம் வீட்டுக்காரர் முதலில் அட்வான்ஸைப் பற்றிப் பேச மாட்டார். “தம்பிக்கு எந்த ஊரு?” ஊர்ப் பேர் சொன்னால், “ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?” அதையும் தாண்டினால், “அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது?” ஒரே யூனிஃபார்மில் ஒரே லைனில் நின்று ஒரே காரைப் பூட்டுகிறவர்களுக்குள்ளும் மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில் இந்தக் கேள்வி எட்டிப் பார்க்கும். நம்மவர்களில் எத்தனை பேர் ஊர்ப் பேரை மாற்றிச் சொல்கிறார்கள்! பக்கத்து டவுன் பேரைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழையில் நனைகிறவன் ஒதுங்க இடம் தேடுகிறான், அவ்வளவுதான்.

ஆக, ‘செய்தவரைக் கேள், செய்தவரை மதி’ என்று சுலபமாக உபதேசம் பண்ணிவிட முடியாது. கேட்கிறவர் நண்பரா துப்பறிகிறவரா என்று பதில் சொல்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சரி, கேட்காமலே இருந்துவிடலாமா? ஜப்பானில் இதற்கென்றே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று அர்த்தம். பேசாமல் விட்டால் தானாக மறந்து போகும் என்பது வாதம். நம் ஊரில் அதன் பேர் “இந்தக் காலத்துல யாருங்க சாதி பாக்குறா?” இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் பார்க்கப்படாதவராக, பார்க்கிறவராக இருப்பார். மறதியால் சாதி செத்திருந்தால் 1871-க்குப் பிறகு நூறு வருஷம் கழித்து அந்த ஊர்ப் பட்டியலுக்கு விலை எப்படிக் கிடைத்தது? 1930-களில் எடுத்த ஒரு பழைய புராக்குக் கணக்கெடுப்பை 2016-இல் ஒரு பதிப்பாளர் திரும்பவும் அச்சிலும் இணையத்திலும் கொண்டுவரக் கிளம்பினார். புராக்கு விடுதலைக் கழகம் வழக்குப் போட்டது. 2023-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை மனிதருக்கு உண்டு என்று சொல்லி அந்த வெளியீட்டைத் தடுத்தது. பிள்ளை தூங்கவே இல்லை. தூங்குவதாகச் சொன்னவர்களுக்குத்தான் தூக்கம் வசதியாக இருந்தது.

பேசாமல் இருப்பதில் இன்னொரு திருட்டும் நடக்கிறது. 2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரத்து ஃபேஷன் மேடையில் பிராடா கம்பெனி ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தால் அப்படியே கோலாப்பூர்ச் செருப்பு. இந்தியாவே கொதித்தது. நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டான் என்று தலையங்கம் எழுதினார்கள். 2019-இல் அந்தச் செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எடுத்துக் காட்டினார்கள். கம்பெனியும் இந்தியச் செருப்பிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் அந்த ‘நம்’ யாருடையது? தலைமுறை தலைமுறையாக அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துவருகிறவர்கள் மராட்டிய, கன்னடத் தலித் மக்கள். செருப்புத் தைத்ததற்காகவே ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். செருப்பு நம் பாரம்பரியம் ஆனபோது, அந்த ஒதுக்கிவைப்பும் நம் பாரம்பரியம்தானே? அதை யாரும் உரிமை கொண்டாட வரவில்லை.

கேட்டாலும் தீங்கு, கேட்காவிட்டாலும் தீங்கு என்றால் வழி என்ன? வழியை அந்த மக்களே காட்டியிருக்கிறார்கள். 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி அவர்கள் சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். சமன்செய்கிறவர்களின் சங்கம் என்று சொல்லலாம். அங்கே வாசித்த அறிக்கையில், தங்களை இழிவுபடுத்த வைத்த அதே பெயரைத் தங்கள் வாயால் சொல்லி, அதில் பெருமைப்படுகிற காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதற்கு ஆறேழு நூற்றாண்டு முன்னால் நிச்சிரென் என்ற பிக்கு, தன்னைச் சண்டாளக் குடும்பத்துப் பிள்ளை என்று தானே எழுதிவைத்தார். 1987-இல், பழைய வதனாபே கிராமம் இருந்த ஒசாகாவின் நானிவா பகுதி இளைஞர்கள் தைக்கோ அடிக்க ஒரு குழு தொடங்கினார்கள். தலைமுறையாக மேளம் செய்துகொடுத்த பகுதி அது. அடித்துக் கைத்தட்டு வாங்கியவர்கள் வேறு ஆட்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் இக்காரி. கோபம் என்று அர்த்தம்.

இதே காலத்தில் நம்மிடம் பறையைப் பற்றி ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டவர்கள் ஒரு பக்கம். அது அடிமை வேலை, தொடவே வேண்டாம் என்றார்கள். இது எங்கள் கலை, எங்கள் ஆயுதம் என்று தொண்ணூறுகளின் தலித் கலை விழாக்களில் பறையை எடுத்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். என் பார்வையில் இரண்டு பேருக்கும் அடியில் இருந்தது ஒரே கோரிக்கை. அடிப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு பண்ணுவோம், ஊர் முடிவு பண்ணக் கூடாது. மறுக்கிற உரிமை இருக்கிறவனுக்குத்தான் ஏற்கிற உரிமையும் இருக்க முடியும். இன்று கம்பெனி ஆண்டு விழாவுக்கும் கல்லூரி வரவேற்புக்கும் பறையாட்டம் கூப்பிடுகிறார்கள். மேடையில் ஆடுகிறவர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் கிராமத்தில் இன்னும் சாவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று ஒருவர் நிர்ப்பந்தப்படுத்தப்படும் வரை, அந்த மேடைக் கைத்தட்டு பாதிக் கைத்தட்டுதான்.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செய்தவரின் பிறப்பைச் சொல்கிற உரிமை செய்தவருக்கு மட்டுமே உண்டு. வாங்குகிறவருக்கோ கம்பெனிக்கோ அரசாங்கத்துக்கோ அதைத் தோண்டி எடுக்கிற உரிமை கிடையாது. ஆனால் வாங்குகிறவர் கேட்டே ஆக வேண்டிய வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்தச் செருப்பின் விலையில் தைத்தவருக்குப் போனது எவ்வளவு? தோல் பதப்படுத்துகிற இடத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது, அவருக்கு நுரையீரல் எப்படி இருக்கிறது? இந்த மேளம் போகிற கோயிலுக்குள் அவரும் போக முடியுமா? அவர் பிள்ளை வேறு வேலைக்கு மனுப் போட்டால் கிடைக்குமா? இவற்றில் எதற்கும் அவருடைய சாதி தெரிய வேண்டியதில்லை. எல்லாமே அவரைச் சுற்றியிருக்கிற ஏற்பாட்டைப் பற்றிய கேள்விகள். துப்பறிகிறவர் ஆளைத் தோண்டுகிறார். நியாயம் கேட்கிறவர் ஏற்பாட்டைத் தோண்டுகிறார். அந்த ஏற்பாடு மாற மாற, தன் பெயரைச் சொல்ல நினைக்கிறவருக்குச் சொல்லத் தைரியம் வரும். சொல்ல விருப்பமில்லாதவர் சொல்லாமலே நிம்மதியாக இருப்பார்.

இந்தக் கேள்விகள் ஜப்பானுக்கு மட்டுமானவை இல்லை. ஒரகடத்தில் செய்த கார்கள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. அங்கே ஷோரூமில் வாங்குகிறவருக்கு, டிரெயினி என்றும் அப்ரெண்டிஸ் என்றும் காண்ட்ராக்ட் என்றும் பெயர் மாற்றி மாற்றி வருஷக்கணக்கில் நிரந்தரம் ஆகாமல் நிற்கிற கை தெரியாது. அங்கே மேளம் செய்தவரைப் போல இங்கே நாமும் பொருளுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறவர்கள்தான்.

புராக்கு இயக்கம் இதை நம்மைவிட முன்னாலேயே புரிந்துகொண்டது. 1988-இல் அவர்கள் முன்கை எடுத்துத்தான் எல்லா வகைப் பாகுபாட்டுக்கும் எதிரான ஒரு சர்வதேச இயக்கம் தொடங்கியது. 2001-இல் டர்பன் மாநாட்டில் தலித் இயக்கங்களும் அவர்களும் ஒரே கோரிக்கையோடு நின்றார்கள். 2002-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழி வருகிற பாகுபாடும் இனப்பாகுபாடுதான் என்று எழுதி வைத்தது. சாதி எங்கள் உள்வீட்டு விவகாரம் என்று இந்திய அரசு முரண்டு பிடித்தும் அது நடந்தது. பல்லவ இளவரசர் வழியாக ஜப்பானோடு சொந்தம் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். நமக்கு அங்கே வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய கைகள் வழியாக வருகிற சொந்தம் அது. ஜப்பானுக்கு டிரெயினிங் போகிற தம்பிகளும் தங்கைகளும் அங்கே இரண்டு வார்த்தை கூடுதலாகக் கற்றுக்கொண்டு போகலாம்: புராக்கு, சுய்ஹெய்ஷா. பெட்டியில் எடை ஏறாது.